உறுதி கைமாறிய பின்னும் ஊரின் பள்ளி: நானாட்டான் பகுதிக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் சமூக வாழ்வு

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றான நானாட்டானில் இரண்டு வகை ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அநுராதபுரப் பக்கத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணைக்கட்டின் வழியாகப் பெறும் கட்டுக்கரைக் குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்கள் ஒருவகை. வங்காலையைப் போல் கடற்றொழிலை நம்பிய கரையோர ஊர்கள் மற்றொருவகை. இவ்விருவகை ஊர்களிலும் தேவாலயமும் பாடசாலையும் அருகருகே நிற்பதும், பாடசாலைகள் பல ஒரு புனிதரின் பெயரைத் தாங்கியிருப்பதும், ஆண்டின் பெரிய நாள்களைப் பங்கும் பாடசாலையும் சேர்ந்தே கொண்டாடுவதும் வழக்கமாக இருப்பதால், இவற்றைக் கத்தோலிக்கப் பாடசாலைகள் என்று ஊரவர் தயக்கமின்றிச் சொல்கின்றனர். ஆனால் சட்டத்தின்படி இவை அரசின் பாடசாலைகள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும், பாடநூலும் சீருடைத்துணியும் வழங்குவதும், அதிபரை நியமிப்பதும் அரசே. சொத்துரிமையும் நிருவாகமும் திருச்சபையிடம் இல்லாத ஒரு பாடசாலை எந்தப் பொருளில் கத்தோலிக்கப் பாடசாலையாக இருக்கிறது, அதன் சமூக வாழ்வை எது தாங்குகிறது, அந்த வாழ்வுக்குள் யார் இடம்பெறுகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பவையே இக்கட்டுரை ஆராயும் வினாக்கள். சமூக வாழ்வு என்று இங்கே குறிக்கப்படுவது வகுப்பறைப் பாடத்துக்கு அப்பால் மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் அறிந்து பழகும் உறவுகளின் தொகுதியாகும். இலங்கைக் கல்வித்துறையினர் இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்று பெயரிடும் விளையாட்டு, கலை, மன்றம், இயக்கம் முதலியவை அந்த உறவுகள் கண்ணுக்குப் புலனாகும் இடங்களாகும்.

இப்பகுதியின் கத்தோலிக்க மரபு பாடசாலையைவிட மிகப் பழையது. 1544 இல் மன்னார் மக்களின் வேண்டுகோளை ஏற்றுப் புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் சென்ற குடும்பங்கள் தங்கிய இடமே பின்னாளில் மடுத் திருப்பதியாயிற்று. குருக்கள் இல்லாத அந்த நெடுங்காலத்தில் செபங்களையும் பாடல்களையும் மறைக்கல்வியையும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியவர்கள் ஊரின் மூப்பரும் உபதேசியாருமே என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் வந்த பாடசாலை, ஏற்கெனவே ஒழுங்குபட்டிருந்த ஒரு சமூகத்தின்மேல் கட்டப்பட்டதேயன்றி, சமூகத்தை அது புதிதாக உண்டாக்கவில்லை. 1847 இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களும், 1862 இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரும் வடபகுதிக் கல்விக்குப் புதிய வடிவம் கொடுத்தனர். பின்னாளில் யாழ்ப்பாணத்தின் ஆயராகவும் கொழும்பின் பேராயராகவும் விளங்கிய கிறிஸ்தோப் பொஞ்சீன் 1860களிலேயே சமயக் குழுக்கள் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசு நிதி வழங்க வேண்டும் என்று வலுவாக வாதிட்டார். 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதோடு நடைமுறைக்கு வந்த உதவி நன்கொடை முறையின்கீழ், பாடசாலையின் முகாமை மிஷனிடமும் செலவில் ஒரு பகுதி அரசிடமும் என்ற ஏற்பாடு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஏற்பாட்டை 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை 1960 டிசம்பர் 1 ஆம் திகதி முதல் அரசிடம் சென்றது. அடுத்த ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடங்களையும் அரசுடைமையாக்க வழிசெய்தது. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாகத் தொடர்வதற்குச் சட்டம் ஒரு வழியை விட்டுவைத்திருந்தது உண்மையே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற பெரிய நிறுவனங்கள் சில அவ்வழியை மேற்கொண்டன. ஆனால் கட்டணமும் இல்லாமல் நன்கொடையும் இல்லாமல் ஒரு பாடசாலையை நடத்தும் வலிமை மன்னாரின் வயல் ஊருக்கும் மீன்பிடி ஊருக்கும் இருக்கவில்லை. மன்னார் நகரின் புனித சவேரியார் ஆண்கள், பெண்கள் பாடசாலைகள் இரண்டும் இன்று தேசிய பாடசாலைகள், அதாவது மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிருவாகத்துக்கு உட்பட்டவை. ஏனையவற்றிற் பெரும்பாலானவை 1987 இன் 13 ஆம் திருத்தத்தின் பின் மாகாண சபையின் பொறுப்பில் வந்தன. கடலுக்கு அப்பால் இதே காலத்தில் நடந்தவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கேரளத்தில் 1957 இன் கல்வி மசோதா பெரும் போராட்டத்தை எழுப்ப, 1959 ஜூலையில் மாநில அரசே கலைக்கப்பட்டது. இந்திய அரசியலமைப்பின் 30 ஆம் உறுப்பு சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைக் காப்பதால், திருச்சிராப்பள்ளியிலும் பாளையங்கோட்டையிலும் இயேசு சபையாரின் பள்ளிகள் அரசு உதவியைப் பெற்றபடியே சபையின் நிருவாகத்தில் தொடர்கின்றன. இலங்கையில் அத்தகைய காப்புறுதி இல்லை; கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் நாள்கணக்காகத் தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தும் காணி உறுதி கைமாறியது.

உறுதி கைமாறியபின் எஞ்சியது என்ன என்பதை ஒரு பாடசாலை நாளின் ஒழுங்கிலேயே காணலாம். காலைக் கூட்டத்தில் செபம் சொல்லப்படுகிறது. சொரூபத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வகுப்புக்குச் செல்லும் பழக்கம் பல இடங்களில் இன்றும் இருக்கிறது. சமயம் நேரசூசியில் கட்டாயப் பாடமாக இருப்பதால், அந்தப் பாடவேளையில் வகுப்பு பிரிந்து, கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறையிலும் சைவநெறி கற்போர் இன்னோர் அறையிலும் இஸ்லாம் கற்போர் வேறோர் இடத்திலுமாக அமர்ந்து, பாடவேளை முடிந்ததும் மீண்டும் ஒன்றாகின்றனர். அதிபர் கத்தோலிக்கராக இருப்பதும், சில பாடசாலைகளில் துறவறச் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவரே அரச சேவையில் அதிபராகப் பணியாற்றுவதும் வழக்கத்தால் நிலைத்தவை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் மூவரும் இடம்பெறுவதற்கு அரசு விதித்த அமைப்பு. அதன் கூட்டத்தில் பேசுகிறவர்களே ஆலய சபைக் கூட்டத்திலும் பேசுகிறார்கள் என்பதால், மதில் கட்டுவது முதல் மைதானத்தை மட்டப்படுத்துவது வரை அங்கே எடுக்கும் முடிவுகள் ஞாயிறு பூசைக்குப் பின் ஆலய முற்றத்தில் தொடர்ந்து பேசப்படுகின்றன. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கச் சமூகத்தின் அடிப்படை அலகு. நானாட்டான் பகுதியில் அது பாடசாலையின் இரண்டாம் முற்றமாகவே இயங்குகிறது.

இந்த நிலையை விளங்கிக்கொள்ள அமெரிக்கக் கல்விச் சமூகவியலில் நடந்த ஒரு விவாதம் பெரிதும் துணைசெய்கிறது. ஜேம்ஸ் கோல்மனும் தோமஸ் ஹோஃபரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை இடைநிறுத்துவோர் அரச பள்ளிகளிலும் பிற தனியார் பள்ளிகளிலும் உள்ளதைவிடக் குறைவு என்பதைக் கண்டு, அதற்குக் காரணம் பள்ளியைச் சூழ்ந்துள்ள செயற்படு சமூகம் என்றனர். பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிவதோடு நில்லாமல், அவர்களின் பெற்றோரும் ஒருவரையொருவர் அறிந்து, ஒரு பிள்ளையின் போக்கு வேறொரு வீட்டின் பெரியவர் கண்ணிலும் படும்படி உறவுகள் சுற்றி மூடியிருக்கும் சமூகமே அவர்கள் கருதிய செயற்படு சமூகம். அந்தோனி பிரைக், வலெரி லீ, பீற்றர் ஹொலண்ட் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பள்ளிக்குள்ளேயே தேடியது: எல்லா மாணவரும் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டத்தைப் பயில்வதும், ஆசிரியர் தம் பாடத்தோடு நிற்காமல் மைதானத்திலும் மன்றத்திலும் மாணவரோடு இருப்பதும், ஒவ்வொரு பிள்ளையும் மதிப்புடைய ஆள் என்ற பொது நம்பிக்கையும் சேர்ந்தே அந்தப் பள்ளிகளின் வலிமையை உண்டாக்குகின்றன என்று அது காட்டியது. இவ்வாய்வுகளுக்கு எதிராக எழுந்த வலுவான மறுப்பு தெரிவுச் சார்பு பற்றியது. கட்டணம் செலுத்திப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் ஏற்கெனவே கல்வியில் அக்கறை மிகுந்தவர்கள். ஆகவே பள்ளியின் விளைவென்று தோன்றுவது பெற்றோரின் விளைவாகவே இருக்கலாம் என்பது அம்மறுப்பு.

மன்னாரின் பாடசாலைகள் இந்த விவாதத்துக்கு மிக அருமையான ஒரு சான்றாகும் என்பதும், இத்துறையில் எழுதுவோர் அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இங்கே கட்டணம் இல்லை. பெரும்பாலான ஊர்களில் மாற்றுப் பாடசாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஊர்ப் பிள்ளை ஊர்ப் பாடசாலைக்கே போகிறது. 2012 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி 99,570 பேரைக் கொண்ட மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கத்தோலிக்கர். ஆகவே கத்தோலிக்கர் என்பதாற் சிறப்பாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சிறுபான்மை மாணவர் கூட்டமும் இங்கே இல்லை. சொத்துரிமை, கட்டணம், சேர்க்கைத் தெரிவு ஆகிய மூன்றையும் நீக்கிவிட்ட பிறகும் செயற்படு சமூகம் ஒன்று பாடசாலையைச் சுற்றி நிற்கிறதென்றால், அதைத் தாங்குவது பங்கும் ஊருமே என்பது உறுதியாகிறது. தரம் ஒன்பது மாணவன் ஒருவன் இரண்டு நாள் பாடசாலைக்கு வராவிட்டால், மறைக்கல்வி ஆசிரியை ஞாயிறு காலையில் தாயிடம் விசாரிப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படுவதில்லை. 1965 அக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, சுதந்திரமும் அன்பும் நிறைந்த நற்செய்தி மனநிலையால் ஊடுருவப்பட்ட சமூகச் சூழலை உருவாக்குவதே கத்தோலிக்கப் பள்ளியின் தனி இயல்பு என்கிறது. சொத்துரிமையை அன்றிச் சூழலையே அது அடையாளமாகக் கொண்டதால், பாடசாலைகளை இழந்து ஐந்தே ஆண்டுகளான இலங்கைத் திருச்சபைக்கு அந்தப் போதனை மிகவும் பொருந்திவந்தது.

பாடசாலையின் சமூக வாழ்வு மிகவும் வெளிப்படையாகத் தெரியும் நாள் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும் நாளாகும். இல்லம் என்பது எல்லா வகுப்பு மாணவரையும் குறுக்காகப் பிரித்து அமைக்கும் குழு. ஆங்கிலேய விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்த இந்த ஏற்பாடு, விடுதியே இல்லாத ஊர்ப் பாடசாலைகளிலும் வேரூன்றிவிட்டது. அண்ணன் இருந்த இல்லத்திலேயே தம்பியும் தங்கையும் சேர்க்கப்படுவது பல இடங்களில் வழக்கமாதலால், இல்லம் ஒரு குடும்பத்தின் அடையாளமாகவும் ஆகிவிடுகிறது. போட்டிக்கு முந்திய நாள் கிடுகும் தென்னங்குருத்தும் கடதாசிப் பூவும் கொண்டு இல்லக் கூடாரங்களை அலங்கரிக்கும் வேலையில் தந்தையரும் பழைய மாணவரும் இரவுவரை நிற்கின்றனர். மறுநாள் அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி, அஞ்சல் ஓட்டம், பழைய மாணவர் ஓட்டம், பெற்றோருக்கான நிகழ்ச்சி என்று ஊர் முழுவதும் மைதானத்தில் கூடுகிறது. முதலாந் தவணையில் நடக்கும் இந்தப் போட்டி வயல் ஊர்களில் காலபோக அறுவடையை ஒட்டி வருவது, பெற்றோரின் கைக்கும் மனத்துக்கும் கொஞ்சம் இளைப்பாறுதல் கிடைக்கும் காலத்தில் பாடசாலை அவர்களை அழைக்க உதவுகிறது. உதைபந்தாட்டம் இவற்றுக்கெல்லாம் மேலாகக் கரையோரத்தின் உயிர்நாடி. மன்னார் புனித சவேரியார், பேசாலை புனித பற்றிமா, வங்காலை புனித ஆனாள் ஆகிய பாடசாலைகளின் அணிகள் மோதும் ஆட்டத்தைப் பார்க்க வருவோரின் கூட்டத்தில், பிள்ளைகளைவிட முன்னொரு காலத்தில் அதே அணிக்கு ஆடியவர்களின் தொகை குறைவாக இராது.

ஆண்டின் மறுமுனையில் ஒளி விழா வருகிறது. கிறிஸ்து பிறப்பை முன்னிட்டு மூன்றாந் தவணையின் இறுதியில் இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் நடத்தப்படும் இந்த விழாவுக்கு, நவராத்திரிக் காலத்தில் நடக்கும் வாணி விழாவே இணையானது. ஒரே பாடசாலையில் இரண்டும் நடப்பதும், ஒளி விழா நாடகத்தில் மூன்று ஞானிகளுள் ஒருவராகச் சைவப் பிள்ளை நடிப்பதும், வாணி விழாவுக்குக் கத்தோலிக்கப் பிள்ளை கோலம் போட உதவுவதும் வியப்புக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. இந்த இயல்பான கலப்பை எந்தச் சமய நல்லிணக்கக் கருத்தரங்கும் உண்டாக்கிவிட முடியாது. ஒத்திகைக்கு ஒன்றாக நிற்கும் மாலை நேரங்களே அதை உண்டாக்குகின்றன.

நாடகத்தைப் பற்றித் தனியாகவும் சற்று விரிவாகவும் சொல்லவேண்டும், ஏனெனில் மன்னாரில் பாடசாலை மேடை பங்கு மேடையிலிருந்து பிறந்தது. மாதோட்டம் என்று பழம்பெயர் பெற்ற இப்பெருநிலப்பகுதியிலும் தீவிலும் கத்தோலிக்கப் புலவர்கள் புனிதர் வரலாறுகளையும் விவிலியக் கதைகளையும் நாட்டுக்கூத்துகளாக இயற்றினர். அவை வடபாங்கு, தென்பாங்கு என்று இரு வழிகளாக வகுத்துக் கூறப்படும். முன்னது யாழ்ப்பாணப் பாங்கென்றும் பின்னது மாதோட்டத்துக்கு உரியதென்றும் கொள்ளப்படுகின்றன. வாசாப்பு என்ற வடிவம் இவற்றினின்றும் வேறான மெட்டமைப்பும் ஆற்றுகை முறையும் உடையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னாரின் நாடக ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தபோது மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவை அச்சேறின. அதற்கு முன்னர் அவை கூத்துப் பயிற்றும் அண்ணாவியாரின் நினைவிலும் கையெழுத்துக் கொப்பிகளிலும் வாழ்ந்தவை. பேசாலையில் மனித உருவிலான பாவைகளைக்கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் இம்மரபின் மற்றொரு கிளையாகும். ஐரோப்பாவில் 1599 ஆம் ஆண்டின் இயேசு சபைக் கல்வி ஒழுங்கு பள்ளி நாடகத்தைப் பேச்சுப் பயிற்சியின் பகுதியாக்கியது. மன்னாரிலோ நாடகம் முதலில் ஊருக்கு உரியதாயிருந்து பின்னரே பள்ளிக்கு வந்தது. 1965 இல் நீ. மரியசேவியர் அடிகள் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் திருப்பாடுகளின் நாடகத்தையும் நவீன மேடைக்குக் கொண்டுவந்ததன் தாக்கம் இப்பகுதிப் பாடசாலை மேடைகளிலும் தெரிகிறது. இன்று தமிழ்த்தினப் போட்டியில் நாட்டுக்கூத்து ஒரு பிரிவாக இருப்பதால் மாணவர் அதைப் பயில்கின்றனர். ஆயினும் விடியும்வரை ஆடவேண்டிய கூத்தைப் போட்டி விதிக்கேற்ப நிமிடக்கணக்கில் சுருக்கும்போது, விருத்தத்தின் நிதானமும் வரவுப் பாட்டின் விரிவும் போய்விடுகின்றன. முழுக்கூத்தை ஒரு தடவையேனும் பங்கு மேடையில் ஆடியறியாத பிள்ளைக்குப் பரிசு பெற்ற துண்டு மட்டுமே மிஞ்சும் என்பது பெரும் இழப்பாகும்.

மாணவர் இயக்கங்களைப் பொறுத்தவரையில், அரசு வழியில் வருவனவும் பங்கு வழியில் வருவனவும் ஒரே பிள்ளைகளிடத்தில் வந்து சேர்கின்றன. சாரணியமும் சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையும் மாணவர் பாராளுமன்றமும் முதல் வகையின. மாணவர் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பாராளுமன்றம், ஆசிரியர்கள் நியமிக்கும் மாணவத் தலைவர் முறைக்கு நல்ல எதிரெடையாக அமையக்கூடியது. ஆனால் வாக்குச்சீட்டோடு அதன் பணி முடிந்துவிடுவதையே பெரும்பாலும் காணமுடிகிறது. மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் ஆகியவை இரண்டாம் வகையின. 1833 இல் பாரிசில் மாணவராயிருந்த ஃபிரெடெரிக் ஒசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் பணியின் அடிப்படை, ஏழைக் குடும்பத்தை அதன் வீட்டுக்கே சென்று சந்திப்பதாகும். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமோ, பெல்ஜியக் குருவான யோசேப்பு கார்டைன் தொழிலாளர் இளைஞரிடையே வளர்த்த முறையைப் பின்பற்றுவது: மாணவர் தம் சூழலில் உள்ள ஒரு சிக்கலைப் பார்த்து, அதைப்பற்றித் தீர்ப்புச் செய்து, பின் செயற்படவேண்டும். குடிநீருக்காகத் தாய்மார் நடக்கும் தூரம், கடலுக்குச் செல்வதால் பாடசாலைக்கு வராத வகுப்புத் தோழன், வகுப்பில் ஒருவருக்கு இட்டழைக்கப்படும் பட்டப்பெயர் என்று தொடங்கும் இந்தப் பயிற்சி, உரை கேட்கும் பிள்ளையைக் கேள்வி கேட்கும் பிள்ளையாக மாற்றும் ஆற்றலுடையது. இந்தியாவில் இதே இயக்கம் கிறிஸ்தவரல்லாத மாணவருக்காக இளம் மாணவர் இயக்கம் என்ற பெயரிலும் இயங்குகிறது. பல சமயப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் நானாட்டான், முருங்கன் பாடசாலைகளுக்கு அந்த ஏற்பாடு மிகவும் வேண்டப்படுவது.

போர்க்காலம் இந்தச் சமூக வாழ்வின் உறுதியை மிகக் கொடிய முறையில் சோதித்தது. வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் 1985 ஜனவரி 6 ஆம் திகதி கொல்லப்பட்டார்; கரையோரக் குடும்பங்கள் பல அலைகளாகப் படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றன. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரின் வகுப்பறைகளில் ஒன்றாயிருந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒரே மாதத்தில் இல்லாமற் போயினர். அந்த இழப்பைப் பற்றிப் பாடசாலை நினைவு மலர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 2008 இல் போர்ப்பகுதியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் நானாட்டான் பிரிவின் களிமோட்டையிலும் சிறுக்கண்டலிலும் முகாம்களில் வைக்கப்பட்டபோது, சுற்றுப்புற ஊர்களே அவர்களின் பிள்ளைகளுக்கு அண்டை அயலாயின. மரநிழலிலும் கூடாரத்திலும் பாடசாலை நடந்த அந்த ஆண்டுகளில் கட்டடமும் நேரசூசியும் இல்லாதபோதும் ஆசிரியரும் அருட்சகோதரிகளும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கைவிடவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்ததால், பங்கு எங்கே கூடியதோ அங்கே பாடசாலையும் கூட முடிந்தது. மன்னார் மறைமாவட்டத்தை 1992 முதல் 2016 வரை வழிநடத்திய ஆயர் இராயப்பு யோசேப்பின் காலத்தில் மறைமாவட்டம் மக்களின் குரலாக நின்றமையும் இந்தப் பிணைப்பிலிருந்தே வலிமை பெற்றது.

சுற்றி மூடிய உறவுகளால் காக்கப்படும் சமூகம், அந்தச் சுற்றுக்கு வெளியே உள்ளவரை அறியாமலே தள்ளிவைக்கவும் கூடும். நானாட்டான், முருங்கன் பகுதிகளில் சைவக் குடும்பங்களும், இனக்கலவரங்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிப் பெருநிலத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தோரும், அயலிலுள்ள முசலிப் பகுதியில் மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் வாழ்கின்றனர். மூன்று தலைமுறையாக ஒரே இல்லத்தில் ஓடிய குடும்பத்தின் பிள்ளைக்கு மைதானம் தானாகவே உரியதாகிறது. நேற்று வந்த கூலித்தொழிலாளியின் பிள்ளை தன் பெயரைப் பதியவே யாரேனும் கைபிடித்து அழைத்துச் செல்லவேண்டியிருக்கிறது. 2019 மார்ச்சில் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலின் சிவராத்திரி அலங்கார வளைவு தொடர்பாக மாந்தையில் கத்தோலிக்கருக்கும் சைவருக்கும் இடையே எழுந்த முரண், நூற்றாண்டுகளாக அயலவராய் வாழ்ந்தோரிடையேயும் எத்தனை விரைவில் கசப்பு ஊறும் என்பதைக் காட்டியது. அடுத்த மாதமே உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நாடெங்கும் சமயங்களுக்கிடையே அச்சத்தை விதைத்தன. அவற்றின் பின் ஒரே வகுப்பில் அமரவேண்டியிருந்த பிள்ளைகளே வெவ்வேறு சமயத்தவருக்கு இடையில் எஞ்சியிருந்த அன்றாடத் தொடர்பு. ஆகவே கத்தோலிக்கச் சூழல் என்பதைக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் பக்தி முயற்சிகளைக்கொண்டு மட்டும் அளப்பது போதாது. பங்கின் உறவுகள் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை எத்தனை உறவுகளை உண்டாக்கிக் கொடுத்தது என்பதே சரியான அளவுகோல். இந்த அளவுகோலில் விளையாட்டும் மேடையும் நன்றாகவே தேறுகின்றன. பங்கின் சங்கங்கள் இயல்பாகவே பின்தங்குகின்றன. மாணவத் தலைவர் தெரிவு ஒவ்வொரு பாடசாலையிலும் தனியாகப் பார்த்துத் திருத்தவேண்டியது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இச்சமூக வாழ்வுக்கு நேர்ந்துள்ள நெருக்கடி பரீட்சையிலிருந்து வருகிறது. பல்கலைக்கழக அனுமதியில் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறையில் மன்னாரும் கடைசி வகையில் அடங்குவதால், உயர்தரத்தில் ஊன்றிப் படித்தால் வெட்டுப்புள்ளியைத் தாண்டலாம் என்ற நம்பிக்கை ஊர்களில் வலுத்திருக்கிறது. அது நியாயமான நம்பிக்கையே. ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முதலே தொடங்கும் தனியார் வகுப்புகள் மாலையையும் வாரவிடுமுறையையும் எடுத்துக்கொள்வதால், உதைபந்தாட்டப் பயிற்சிக்கும் கூத்து ஒத்திகைக்கும் மறைக்கல்விக்கும் பிள்ளை கிடைப்பதில்லை. ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகளை நிறுத்தவேண்டும் என்ற கோரிக்கை வடக்கில் மீண்டும் மீண்டும் எழுவதற்குக் காரணம் இதுவே. மேலும், தரம் 11 வரை மட்டுமே உள்ள சிறு பாடசாலைகளின் பிள்ளைகளும், கணித விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பிள்ளைகளும் உயர்தரத்துக்காக முருங்கனுக்கோ மன்னார் நகருக்கோ செல்லும்போது, பங்கும் பாடசாலையும் பொருந்தியிருந்த வட்டம் முதன்முறையாக உடைகிறது. பதினாறு வயதில் புதிய பாடசாலைக்குள் நுழையும் அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஆசிரியரும் இல்லை, விசாரிக்கும் மறைக்கல்வி ஆசிரியையும் இல்லை. முன்னர் இந்த இடைவெளியைக் கன்னியர் மடங்களோடு இணைந்த விடுதிகள் ஓரளவு நிரப்பின. இன்று தேவை இருக்கும் அளவுக்கு விடுதி இல்லை. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் புறப்படும் பஸ்ஸைத் தவறவிட்டால் வயல் ஊருக்குத் திரும்ப வழியில்லாத மாணவி, எத்தனை திறமையுள்ளவளாயினும் பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் மன்றக் கூட்டத்துக்கும் நிற்க முடியாது. மாணவர் நிகழ்ச்சித்திட்டங்களுக்காக மறைமாவட்டமும் பழைய மாணவர் சங்கங்களும் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் பாரிசிலும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு, மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் போவதற்கு முன்னால், வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து மணிக்கு மன்னாரிலிருந்து வங்காலை, நானாட்டான், முருங்கன் வழியாகச் செல்லும் ஒரு பஸ்ஸுக்குப் போகுமானால், இப்போது மதில் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைகளில் பலர் அணியில் இடம்பிடிப்பார்கள்.